வீடியோவில் மீனின் சுபாவத்தை அளக்க முடியுமா? 32 ஜீப்ரா மீன், தலைக்கு ஒரே பதிவு, தீராத ஒரு சந்தேகம்

நீரோட்டம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்குக் கடையில் வாங்கிய 32 ஜீப்ரா மீன்கள். வெள்ளை அக்ரிலிக் தொட்டி, 6 செ.மீ. தண்ணீர், மேலே ஒரு வெப்கேம். ஒவ்வொரு மீனையும் தனியே விட்டு 10 நிமிடம் பதிவு செய்தேன். விநாடிக்கு 25 ஃபிரேம் என்பதால் ஒரு மீனுக்கு 15,000 படங்கள். டிராக்கிங் சாப்ட்வேர் ஒவ்வொரு படத்திலும் மீன் எங்கே இருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு தூரம் நீந்தியது, என்ன வேகம், சுவரோரம் எத்தனை நேரம், நடுவில் எத்தனை நேரம், அசையாமல் நின்றது எவ்வளவு என எல்லாவற்றையும் அட்டவணையாகத் தந்துவிட்டது.

இனிதான் சிக்கல். நடுவில் அதிக நேரம் இருந்த 16 மீன்கள் துணிச்சலானவை, மீதி 16 கூச்சமுள்ளவை என்று பிரித்து, 'ஜீப்ரா மீன்களின் ஆளுமை' என்று தலைப்பு வைத்து எழுதிவிடச் சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கைவலையில் பிடித்துக் கொண்டுவந்த பயத்தில் ஒரு மீன் பத்து நிமிடமும் ஓரத்தில் ஒண்டிக்கிடந்தால், அது அதன் குணமா, அன்றைய நிலைமையா? என்னிடம் இருக்கும் எண்களை வைத்து இதை எப்படிச் சொல்வது? இந்தத் துறை தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்

உன் சந்தேகம் நியாயமானது மகளே. கை ஓடாமல் நின்றதே நல்லது.

நாங்கள் படித்த காலத்தில் கேமரா எல்லாம் கிடையாது. தொட்டியின் அடியில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, ஸ்டாப்வாட்சும் பேனாவுமாக உட்கார்ந்து, மீன் எத்தனை கோடு தாண்டுகிறது என்று எண்ணுவோம். அரை மணியில் கண் சொக்கும். இரண்டு பேர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும். அந்த வகையில் கேமரா பெரிய வரம். அது சலிப்பதில்லை, இந்த மீன் துணிச்சலானது என்று முன்கூட்டியே ஒரு முடிவோடு பார்ப்பதும் இல்லை.

ஆனால் கேமரா தருவது இடமும் நேரமும் மட்டும்தான். 'கூச்சம்' என்ற சொல் அதில் எந்த ஃபிரேமிலும் இல்லை. அதை ஒட்டுவது நாம்.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஆளுமை' என்பதில் ஆள் இருக்கிறான். மீனுக்கு அதைவிட 'சுபாவம்' பொருந்தும் என்பது என் எண்ணம். மாடு வளர்ப்பவர்கள் "இது சாது, அது முட்டும்" என்பார்கள். ஒரு நாள் முட்டியதை வைத்து அப்படிச் சொல்வதில்லை, எப்போது கிட்டே போனாலும் முட்டுவதால் சொல்கிறார்கள். உன் தரவில் இல்லாமல் போனது அந்த 'எப்போதும்'தான். 1976இல் ஃபெலிசிட்டி ஹண்டிங்ஃபோர்ட் முள்முதுகு மீன்களைப் பார்த்தபோது, தன் இனத்து எதிரியிடம் முரண்டுபிடித்த மீன்களே வேட்டை மீனுக்கு எதிரிலும் துணிந்து நின்றதைக் கவனித்தார். சூழல் வேறு, குணம் ஒன்று. இந்தத் துறைக்கு அதுதான் வேர் என்பேன்.

முகல்ஸே கரை

பெர்லினில் மீன் நடத்தை ஆய்வில் வேலை செய்கிறேன். ஐயா சொன்னதை எண்ணாகச் சொல்கிறேன்.

ஒரே மீனை இரண்டு முறையாவது, முடிந்தால் நான்கைந்து முறை அளக்க வேண்டும். பிறகு இரண்டு வேறுபாடுகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, மீனுக்கு மீன் உள்ள வேறுபாடு. மற்றது, ஒரே மீன் நாளுக்கு நாள் காட்டும் வேறுபாடு. முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0 முதல் 1 வரை ஒரு எண் வரும். மாறாத்தன்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009இல் அலிசன் பெல் குழுவினர் பல விலங்குகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி 0.37 வந்தது. அதாவது நாம் பார்க்கும் வேறுபாட்டில் பெரும்பகுதி அந்தந்த வேளையைச் சேர்ந்தது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் அந்த விலங்குக்கே உரியது. தலைக்கு ஒரே பதிவை வைத்துக்கொண்டு இந்த வகுத்தலைச் செய்யவே முடியாது. மேலே உள்ள எண் எது, கீழே உள்ளது எது என்று தெரியாமல் இரண்டும் கலந்து கிடக்கும்.

சரி, வீடியோ இல்லாமல் செய்திருக்கவே முடியாத ஒரு வேலையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில், முகல்ஸே ஏரிக்கரையில் இருக்கும் நன்னீர்ச் சூழலியல் ஆய்வு நிலையத்தில் நடந்தது. அமேசான் மோலி என்று ஒரு மீன். பெயரைப் பார்த்து அமேசான் நதி என்று நினைக்க வேண்டாம். கிரேக்கப் புராணத்தின் பெண் போர்வீரர்கள் பெயர் அது. மெக்சிகோவின் வடகிழக்கிலும் டெக்சாஸின் தெற்கிலும் வாழ்கிறது. எல்லாமே பெண் மீன்கள். உறவு இனத்து ஆண் மீனின் விந்து முட்டை வளர்ச்சியைத் தூண்டுவதோடு சரி, அதன் மரபணு குஞ்சுக்குப் போவதில்லை. தாயும் குஞ்சுகளும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மரபணு. முதுகெலும்பு உள்ள உயிர்களில் இப்படி ஒன்று உண்டு என்று முதன்முதலில் தெரியவந்ததே 1932இல் இந்த மீனால்தான்.

மரபணு ஒன்று, தொட்டி ஒன்றுபோல, தண்ணீர் ஒன்றுபோல, தீனி ஒன்றுபோல. அப்போது குணமும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? பியர்பாக், லஸ்கோவ்ஸ்கி, வுல்ஃப் மூவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி இல்லை. பிறந்தவுடனே தனித்தனியாகப் பிரித்து வளர்த்தும் ஒவ்வொரு மீனும் தனக்கென ஒரு சுறுசுறுப்பு அளவோடு வளர்ந்தது. அது எப்போது தொடங்குகிறது என்ற கேள்வி அப்போது மிச்சமிருந்தது. அதற்காக 26 குஞ்சுகளைப் பிறந்த நாள் முதல் 10 வாரம் வீடியோவில் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 2022இல் முடிவு வந்தது. முதல் நாளே வேறுபாடு இருக்கிறது. அந்த முதல் நாள் வேறுபாடு பத்து வாரம் கழித்தும் தங்குகிறது, போகப் போக இன்னும் தெளிவாகிறது.

முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மரபணுவும் வளர்ப்பும் போக மூன்றாவதாக ஏதோ ஒன்று, பிறப்பதற்கு முன்போ பிறந்த சில மணி நேரத்திலோ, குணத்தைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது. நகத்தளவு குஞ்சை எழுபது நாள் கண்ணால் பார்த்து யாரால் எழுதிவைக்க முடியும்?

கொளத்தூர் கப்பி

அலங்கார மீன் வளர்ப்பில் 20 வருஷம். படிப்பு கம்மி, தப்பாக ஏதாவது சொன்னால் மன்னிக்கவும்.

தீனி போட்டால் முதலில் மேலே வருவது எது, செடிக்குப் பின்னால் நின்று கடைசியாக வருவது எது என்று எங்களுக்குத் தெரியும். தினமும் அதே மீன்தான். அதற்குக் கேமராவும் கம்ப்யூட்டரும் எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. குஞ்சு மேட்டரைப் படித்த பிறகு கொஞ்சம் புரிகிறது. முதல் நாள் குஞ்சில் எங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

தங்கச்சிக்கு ஒரு விஷயம். கடையில் 32 மீன் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? பெரிய தொட்டியில் கைவலையை விட்டு மாட்டியதை எடுத்துப் போடுவார். சுலபமாக மாட்டுவது ஒரு மாதிரி மீன். மூலையில் பதுங்குவது, அடியில் கிடப்பது எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். ஆக நீங்கள் எல்லா மாதிரி மீனையும் வாங்கி வரவில்லை. வலைக்கு வந்ததை வாங்கி வந்திருக்கிறீர்கள்.

முகல்ஸே கரை

அண்ணே, படிப்பு கம்மி என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னதை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். 1993இல் டேவிட் ஸ்லோன் வில்சன் குழுவினர் அமெரிக்கக் குளங்களில் பம்ப்கின்சீட் என்ற சூரிய மீனைப் பொறி வைத்து ஒரு முறையும், இழுவலை போட்டு ஒரு முறையும் பிடித்தார்கள். தானாகப் பொறிக்குள் நுழைந்தவையும் வலையில் வாரியவையும் வேறு வேறு குணம். 2008இல் பீரோவும் போஸ்ட்டும் கனடாவில் வானவில் டிரவுட்டை ஏரியில் விட்டுச் செவுள்வலை கட்டியபோது, வேகமாக வளரும் துணிச்சலான வகைதான் முதலில் காலியானது. மீன் பிடிப்பதே ஒரு வடிகட்டல். வருஷக்கணக்கில் வலை போட்ட ஏரியில் எந்தக் குணம் மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீரோட்டம், 'கடையில் வாங்கியவை' என்பதை ஒரு வரியில் முடிக்காமல் எப்படிப் பிடிக்கப்பட்டன என்றும் எழுதுங்கள். ஜீப்ரா மீன் நம் கங்கைச் சமவெளியின் ஓடைகளிலிருந்து போனதுதான். ஹாமில்டன் 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் முதலில் விவரித்தார். ஆனால் கடை மீன்கள் பல தலைமுறையாகத் தொட்டியில் வளர்ந்தவை. காட்டு மீன்களைவிடச் சீக்கிரம் பயம் தெளியும்.

பிக்சல்

நான் உயிரியல் ஆள் இல்லை, வீடியோ கணிப்பு வேலை. நீரோட்டம், உங்கள் எண்களையே முதலில் நம்ப வேண்டாம் என்று சொல்ல வந்தேன்.

மென்பொருள் மீனின் உடலைக் கறுப்புத் திட்டாகப் பார்த்து அதன் மையத்தைக் குறிக்கிறது. மீன் அசையாமல் நின்றாலும் வெளிச்சம் சற்று நடுங்கினால் மையம் ஒரு பிக்சல் இப்படி அப்படித் தாவும். உங்கள் அமைப்பில் ஒரு பிக்சல் அரை மி.மீ. என்று வையுங்கள். ஃபிரேமுக்கு அரை மி.மீ., விநாடிக்கு 25 ஃபிரேம். விநாடிக்கு 12.5 மி.மீ. வேகம் வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் ஏழரை மீட்டர்! உறைந்து நின்ற மீன் ஏழரை மீட்டர் நீந்தியதாக அட்டவணையில் இருக்கும். செத்த மீனையோ மீன் அளவு கறுப்பு ரப்பர் துண்டையோ போட்டு ஒரு பதிவு எடுங்கள். அது எவ்வளவு 'நீந்துகிறது' என்று பார்த்துவிட்டு அதற்கு மேல் உள்ளதை மட்டும் அசைவாக எடுங்கள்.

அப்புறம் ட்யூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். கேமராவை 60 ஹெர்ட்ஸ் அமைப்பில் விட்டிருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், மென்பொருள் அதை மீன் என்று பிடிக்கும். தொட்டிக்கு அடியில் பால்வெள்ளை அக்ரிலிக் பலகை வைத்து அதற்குக் கீழே 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி கொடுத்தால் மீன் கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரியாது, கேமராவுக்கு மீன் கறுப்பாகத் தெளிவாகத் தெரியும். வெப்கேமில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

சுவரில் விழும் பிம்பம் இன்னொரு தொல்லை. மீன் சுவரை ஒட்டி நீந்தும்போது சுவரில் இன்னொரு மீன் தெரியும், மென்பொருள் அதற்குத் தாவும். உங்கள் கணக்கே 'சுவரோர நேரம்' என்பதால் இது நேராக உங்கள் முடிவையே தொடுகிறது. சுவர் பளபளப்பு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கட்டும். மொபைலில் மட்டும் பதிவு செய்யாதீர்கள். பல மொபைல்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொள்ளும், வேகக் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

வரிக்கோடு

ஒரு கேள்வி. எல்லா மீனையும் ஒரே தொட்டியில் விட்டு ஒரே வீடியோவில் எடுத்தால் வேலை மிச்சம் அல்லவா? எதற்கு ஒவ்வொன்றாக?

பிக்சல்

எடுக்கலாம். ஆனால் இரண்டு மீன் குறுக்கே கடந்து பிரியும்போது எது எது என்று சாதாரண மென்பொருள் குழம்பிவிடும். ஒருமுறை பெயர் மாறினால் அதற்குப் பிறகு பதிவு முழுக்க இந்த மீனின் குணம் அந்த மீன் பெயரில் ஏறும். 2014இல் வந்த ஐடிடிராக்கர் என்ற மென்பொருள் ஒவ்வொரு மீனின் தோற்றத்தையும் கைரேகைபோல நினைவில் வைத்து, பிரிந்த பிறகு மறுபடி அடையாளம் கண்டது. 2019இல் அதே குழு நரம்பு வலையமைப்பு என்ற கணினிக் கற்றல் முறையைச் சேர்த்து ஐடிடிராக்கர்.ஏஐ வெளியிட்டது. 100 மீன் வரை அடையாளம் பிசகாமல் பின்தொடர்கிறது. இரண்டும் இலவசம். ஆனால் ஒரு வீடியோவுக்குள் காட்டும் அந்தத் திறமையை நம்பி அடுத்த வாரப் பதிவில் 7ஆம் மீன் அதே 7ஆம் மீன்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தனித்தனிப் பாத்திரத்தில் எண் ஒட்டி வைப்பதே நிச்சயம்.

பழைய வாத்தியார்

கூட்டத்தில் விட்டால் வேறொரு கேள்வியும் எழும், வரிக்கோடு. ஜீப்ரா கூட்டமாக வாழும் மீன். நாம் அளப்பது அதன் குணமா, கூட்டத்தின் குணமா? ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. கேம்பிரிட்ஜில் ஜோலஸ் குழுவினர் முள்முதுகு மீன்களை முதலில் தனியே அளந்து, பிறகு கூட்டத்தில் விட்டுப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்தது. தனித்தனியே சோதித்தபோது மற்ற மீன்களோடு அதிகம் ஒட்டாதவையே கூட்டத்தில் வேகமாக நீந்தி முன்னே போயின. தனி அளவீட்டுக்கும் கூட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்தது அல்லவா.

நான் கொஞ்சம் வாதாட விரும்பும் இடம் கண்ணாடிச் சோதனை. தொட்டியில் கண்ணாடி வைத்து மீன் எத்தனை முறை முட்டுகிறது என்று எண்ணி 'சண்டைக்குணம்' என்கிறார்கள். மென்பொருளுக்கு அது மிக எளிது. ஆனால் நிஜச் சண்டையில் பல மீன்கள் பக்கவாட்டில், ஒன்றன் தலைப்பக்கம் மற்றதன் வால் வர நின்று மிரட்டும். கண்ணாடிக்குள் இருக்கும் மீன் எப்போதும் தலைக்கு நேர் தலைதான் காட்டும். அந்த மீனுக்கு அது எதிரியா என்பதே தெளிவில்லை. எளிதாக எண்ண முடிகிறது என்பதற்காக ஒன்றைக் குணம் என்று சொல்லிவிடக் கூடாது.

முகல்ஸே கரை

இதில் ஐயாவோடு முழுக்க உடன்படுகிறேன். மறைவிடத்திலிருந்து வெளியே வரும் நேரமும் அப்படித்தான். சீக்கிரம் வெளியே வந்த மீன் துணிந்து வந்ததா, அந்த மறைவிடம் பிடிக்காமல் வேறு இடம் தேடி ஓடியதா? ஒரு குணத்துக்கு இரண்டு வேறு சோதனை வைத்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வழி. நீரோட்டம், ஆழமான புதுத் தொட்டியில் விட்டுப் பக்கவாட்டில் பதிவு எடுங்கள். ஜீப்ரா மீன் புது இடத்தில் முதலில் அடிக்குப் போகும், மெல்ல மேலே வரும். மேல் பாதிக்கு எப்போது வந்தது என்பதை உங்கள் நடுவிட நேரத்தோடு ஒப்பிடலாம்.

நீரோட்டம்

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க நான் எவ்வளவு விட்டிருக்கிறேன் என்று தெரிகிறது. மறுபடி எடுக்க அனுமதி வாங்கிவிட்டேன்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. காலையில் எடுத்த மீன்களுக்குத் தண்ணீர் 26 டிகிரி. மதியம் கரண்ட் போய் ஏசி நின்ற நாளில் 29 வரை போயிருக்கிறது. 3 டிகிரி பெரிய விஷயமா அக்கா?

முகல்ஸே கரை

பெரிய விஷயம்தான். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் சிறு டாம்செல் மீன்களை வைத்து பீரோ, பெக்மன், ஸ்டாம்ப்ஸ் 2010இல் காட்டியது இதைத்தான். ஒரே நாளுக்குள் 3 டிகிரிக்கும் குறைவாக வெப்பம் ஏறினாலே சுறுசுறுப்பும் துணிச்சலும் மாறின. அதுவும் எல்லா மீனுக்கும் ஒரே அளவில் மாறவில்லை. சில மீன் பல மடங்கு மாறின, சில கிட்டத்தட்ட மாறவே இல்லை. மதியம் எடுத்தவை எல்லாம் உங்கள் பட்டியலில் 'துணிச்சல்' பக்கம் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நீரோட்டம்

பார்த்தேன். பெரும்பாலும் ஆமாம். 16க்கு 16 என்று பிரித்தது கிட்டத்தட்ட காலையையும் மதியத்தையும்தான் பிரித்திருக்கிறது. எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

வரிக்கோடு

இவ்வளவு பாடுபட்டு மீன் கூச்சமா துணிச்சலா என்று தெரிந்து என்ன செய்யப் போகிறோம்? கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

முகல்ஸே கரை

நாம் சாப்பிடும் மருந்து கழிவுநீர் வழியே ஆற்றுக்குப் போகிறது. ஸ்வீடனில் டோமாஸ் ப்ரோடின் குழு 2013இல் பெர்ச் மீன்களை ஆக்ஸசெபம் என்ற பதற்றத் தணிப்பு மருந்து மிகக் கொஞ்சமாகக் கலந்த நீரில் வைத்தார்கள். மீன்கள் சாகவில்லை, நோயும் இல்லை. பழைய நச்சுச் சோதனையில் 'பாதிப்பு இல்லை' என்று வந்திருக்கும். ஆனால் அவை அதிகம் அலைந்தன, கூட்டத்தை விட்டு விலகின, வேகமாகத் தின்றன. நடத்தையை அளக்காவிட்டால் இது தெரியவே தெரியாது.

2021இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது இன்னும் ஆழம். கப்பி மீன்களை 2 வருஷம், பல தலைமுறை, ஃப்ளூயாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து கலந்த நீரில் வளர்த்தார்கள். மீனுக்கு மீன் உள்ள வேறுபாடே சுருங்கிவிட்டது. எல்லாம் ஒரேபோல நடக்கத் தொடங்கின. சராசரியை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார். வேட்டை மீனோ வறட்சியோ வந்தால் ஒரு கூட்டத்தில் சிலது தப்புவது எல்லாம் ஒரேபோல நடக்காததால்தானே.

கொளத்தூர் கப்பி

இந்தக் கடைசி விஷயம் மனதைப் பிசைகிறது. நாங்களும் நிறத்துக்கும் வாலுக்கும் பார்த்துத்தான் இணை சேர்க்கிறோம். குணத்தை யாரும் பார்ப்பதில்லை.

தங்கச்சி, வலையில் துரத்தாமல் எடுக்க ஒரு வழி. பிளாஸ்டிக் கப்பைத் தண்ணீருக்குள் சாய்த்து மெல்ல மீனை உள்ளே விட்டு, தண்ணீரோடு தூக்குங்கள். மீன் காற்றையே பார்க்காது. பதிவுக்கு முந்தைய நாள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தீனி.

நீரோட்டம் (மூன்று வாரம் கழித்து)

வந்துவிட்டேன். ஹீட்டரும் இன்வெர்ட்டரும் போட்டு, எல்லாப் பதிவும் காலை 9 முதல் 12 வரை, மீன்களின் வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றி, கப்பில் எடுத்து, ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை முடித்தேன். ரப்பர் துண்டும் முதலில் 'நீந்தியது', பிக்சல் அண்ணா சொன்னதுபோலவே. சரிசெய்தேன்.

19ஆம் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பதிவில் அது துணிச்சல் பட்டியலில் மேலே இருந்தது. இப்போது மூன்று முறையும் ஓரத்திலேயே, மூன்று முறையும் ஏறக்குறைய அதே மூலையில். ஆழத் தொட்டியிலும் கடைசியாக மேலே வந்தவற்றில் அதுவும் ஒன்று. வேறு சில மீன்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. அவற்றைத் துணிச்சல் என்றும் எழுதவில்லை, கூச்சம் என்றும் எழுதவில்லை. தலைப்பை 'தனி ஜீப்ரா மீன்களின் அசைவில் மாறாத்தன்மை: மூன்று அளவீடுகள்' என்று மாற்றிவிட்டேன். இரண்டாகப் பிரித்த அட்டவணையை எடுத்துவிட்டேன். வழிகாட்டியும் ஒப்புக்கொண்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பெரிய மீன்கள் வேகமாகத் தெரிகின்றன. வேகத்தை உடல் நீளத்தால் வகுத்துத் தரலாமா?

பிக்சல்

தரலாம், இரண்டையும் தாருங்கள். நீளத்தை அதே வீடியோவிலிருந்தே எடுக்கலாம், மீன் நேராக இருக்கும் ஃபிரேம்களை மட்டும் தேர்ந்தெடுத்து. மேல்மட்டத்தில் நீந்தும்போது கேமராவுக்குக் கிட்டே வருவதால் சற்றுப் பெரிதாகத் தெரியும், 6 செ.மீ. நீரில் அது பெரிதாகப் பாதிக்காது.

கொளத்தூர் கப்பி

படிப்பு முடிந்ததும் 19ஆம் மீனை என்ன செய்வீர்கள்? மூலையில் செடி வைத்த தொட்டி ஒன்று என்னிடம் காலியாக இருக்கிறது.

நீரோட்டம்

அண்ணே, கூட இன்னும் ஐந்து மீனோடு கொண்டுவருகிறேன். தனியே விட மனசில்லை.